வளைவுக்குப் பின் வந்த படங்கள்

நேற்று அந்த லாரியோடு முடிந்துபோயிருந்த படங்கள், இன்று அதற்கு அப்புறமும் தொடர்ந்தன.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தாள். வளைவு, லாரியின் முகப்பு, அவ்வளவுதான் இருந்தது. அதோடு கணவனும் போனான், அவள் உயிரில் பாதியும் போயிற்று. இப்போது அதன் பின்னால் பத்துப் பதினைந்து படங்கள் புதிதாக இருந்தன. பைக்கின் கைப்பிடி கோணியிருந்தது. சாலை வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

ஊர் சுற்றுவது அவன் வேலை, வெட்டி ஒட்டுவது அவள் வேலை. கைப்பிடியில் மாட்டிய குட்டிக் கேமரா சில நொடிக்கு ஒரு படம் எடுக்கும். வண்டி நின்ற இடத்துப் படங்களையெல்லாம் அவள் அழித்துவிட்டு, மிச்சத்தை அடுக்கி ஓடவிட்டால் நாள் முழுக்கப் போன பயணம் நாலு நிமிடத்தில் பறக்கும். "நான் நின்னதையெல்லாம் அழிச்சிடுற. பார்க்கிறவன் இவன் டீயே குடிக்க மாட்டானான்னு கேட்கிறான்," என்று அவன் சிரிப்பான். கடைசிப் பயணத்தையாவது முழுசாக முடித்துத் தரலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, கார்டுல புதுசா படம் வந்திருக்கு."

"அண்ணி, அந்தக் கேமரா தூள் தூளாயிடுச்சு. கார்டு ஒண்ணைத்தானே நான் முழுசா பொறுக்கிட்டு வந்தேன். கொஞ்சம் தூங்குங்க அண்ணி."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும், ஜன்னல் வெளிச்சம் மங்கி, தெருவில் வண்டிச் சத்தமெல்லாம் அடங்கி, அறைக்குள் கருகிய ரப்பர் வாடை மெல்லப் பரவும் நேரத்தில், படங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடின. பெட்ரோல் பங்க் வந்தது. மேம்பாலம் வந்தது. கைப்பிடியில் அவன் கையுறை, கிழிந்து, உள்ளே ஏதோ கறுத்துத் தெரிய. பயந்திருக்க வேண்டும். அவளுக்கோ வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லை," என்று திரையைத் தடவிச் சொன்னாள்.

பிறகு அவர்கள் தெரு. கேட். மாடிப்படி. பைக் எப்படிப் படியேறும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

அப்புறம் கதவு. மூடிய கதவு. அதே கதவு, அடுத்தடுத்து, முடிவில்லாமல்.

அசையாத படம். பழகிய விரல் தானாக ஓடியது. எல்லாவற்றையும் சேர்த்து அழித்தது.

மிச்சமிருந்ததை ஓடவிட்டாள். படியேறி வந்தவன், கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி சாலையில் இருந்தான். திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

"ஐயோ! வாசல்வரைக்கும் வந்தவரை நானே அழிச்சிட்டேனே!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழித்த படங்களைக் கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டாள்.

கதவு.

கதவு.

கதவு, ஒரு விரற்கடை திறந்து.

வாசலில் அவளேதான். இன்று கட்டியிருக்கும் அதே சேலை. இரண்டு கையையும் நீட்டிச் சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் அறை தெரிந்தது. மேஜை தெரிந்தது. மேஜையில் தலை கவிழ்ந்து ஒருத்தி கிடந்தாள். கண் திறந்தபடி.

திரைக்கு முன்னால் இருந்தவள் எழப் பார்த்தாள்.

கன்னத்தில் மேஜைப் பலகை சில்லென்றிருந்தது. எப்போது சாய்ந்தாள்? தலை தூக்க வரவில்லை. கால் வரவில்லை. குரலும் வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது. உள்ளேயிருந்து.

அவளுடைய காலடி. அவளுடைய சிரிப்பு. படியில் இறங்கிப் போகும் வண்டி.

இமைக்க முடியாத கண்ணெதிரே படங்கள் ஓடின. மேம்பாலம். பெட்ரோல் பங்க். முதுகில் வெயில் விழ, சாலையில் முன்னால் நீண்ட நிழலில் இரண்டு பேர். பின்னால் இருந்தவள் அவன் இடுப்பை இறுகக் கட்டியிருந்தாள்.

வளைவு.

லாரியின் முகப்பு, திரை முழுக்க.