அந்தி ஆசீர் எட்டும் தூரம்

"முழங்கால் தண்ணியில எவனாவது முழுகுவானா, ரெகுலா? மச்சான் குளிச்சு மாசக்கணக்காச்சு. இன்னிக்குத்தான் ஆசை வந்திருக்கும்."

"விளையாடாதண்ணே. கன்னுக்குட்டியைத் தேடிப் போனவர். கன்னு வந்திடுச்சு. அவரைக் காணோமே."

வெண்டெலின் சிரிப்பு அடங்கியது. மேய்ச்சல் குடிசையின் வாசலில் கன்று நின்றது. முழங்கால்வரைதான் நனைந்திருந்தது. கழுத்தில் மணி இல்லை. மணி ஏரியில் ஒலித்துக்கொண்டிருந்தது, ஒரு மாடு நிதானமாக நடந்து வருவதைப் போல.

மலைகளின் மடியில் இறங்கிய மூடுபனி அந்தச் சின்ன ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக்கொண்டிருந்தது. ஈரப் புல்லும் காய்ச்சிய பாலும் கலந்த வாசனைக்கு நடுவே, இன்று புதிதாக, நாள்பட அடைத்துக் கிடந்த தொழுவத்தின் நெடி. ஒரு காலத்தில் இங்கே ஏரியே கிடையாது. சரிந்த மலை, கீழேயிருந்த குடிசைகளை ஆட்களோடும் மாடுகளோடும் மூடியது. அந்தக் கற்குவியலின்மேல் தேங்கியதுதான் இந்த ஆழமில்லாத தண்ணீர். அன்று அந்தியில், தினமும் பாடும் காவல் ஆசீரைப் பாட ஒருவரும் மிஞ்சவில்லை.

ரெகுலா பால் வடிக்கும் மரப்புனலைச் சுவரிலிருந்து எடுத்தாள். அதை வாயில் வைத்து ஆசீர் பாடினால், குரல் எட்டும் தூரத்திலுள்ள உயிரெல்லாம் விடியும்வரை இந்தக் குடிசையின் காவலில். மூன்று திசைக்குப் பாடுவார்கள். ஏரிக்கு முதுகைக் காட்டித்தான்.

"ரெகுலா! அந்தப் பக்கம் திரும்பாத!"

"அவர் அங்கதானே இருக்கார்? என் குரல் அவரை எட்டணும்."

"எட்டும்மா. அவனை மட்டுமா எட்டும்?"

அவள் காதில் விழவில்லை. கரையில் நின்று, தொண்டை கிழியப் பாடினாள். மரியாளை அழைத்தாள். ஆட்களையும் மாடுகளையும், இங்கே இருக்கிற அனைத்தையும் காக்கச் சொன்னாள். குரல் தண்ணீர்மேல் வழுக்கிப் போய், பனிக்குள் புகுந்து, திரும்பி வரவே இல்லை.

மணி நின்றது.

பிறகு ஒரு மணி. இன்னொன்று. பத்து. ஒரு மந்தையே.

"ரெகுலா..."

அவள் கணவன் பால்ட்ஸின் குரல். பனி விலகியது. கைக்கெட்டும் தூரத்தில், முழங்கால் தண்ணீரில் அவன். அழுகையும் சிரிப்புமாக அவள் குனிந்தாள்.

தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் கற்கள் இல்லை. வெகு கீழே, கூரைகள். அவன் கால் எதையும் தொடவில்லை. இரண்டு வெளுத்த கைகள் அவன் கணுக்கால்களைப் பிடித்து மேலே தூக்கியிருந்தன. அந்தக் கைகளுக்குரியவளை வேறு கைகள். அவற்றுக்குரியவரை இன்னும் கைகள். கீழே, கீழே. எல்லா முகங்களும் மேலே பார்த்தன.

பின்னால் வெண்டெல் கத்தினான். கன்று வாசலை விட்டு ஓடியது.

பால்ட்ஸின் உதடுகள் அசையவில்லை. குரல் மட்டும் தண்ணீரிலிருந்து வந்தது.

"நீதானே கூப்பிட்ட? கையைக் குடும்மா. நாங்க எல்லாரும் ஏறி வந்திடறோம்."