இறக்கை நிறம் மட்டும் மாறும்

மாடிப்படி ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி பொருத்த அந்தப் பழைய வீட்டுக்குக் கணவனும் மனைவியும் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. படம் வரைந்து கண்ணாடி வெட்டுவது அவள். துண்டுகளை ஈயப்பட்டையால் இணைத்துச் சட்டத்தில் ஏற்றுவது அவன்.

உறையைப் பிரித்ததும் வீட்டு அம்மாளின் முகம் வெளிறியது.

"இதே தேவதை ஆஸ்பத்திரி வார்டுல இருக்கே."

"எல்லாம் ஒரே படம்தாம்மா," என்று சிரித்தான் அவன். "இறக்கை கலரை மட்டும் மாத்துவோம். தேவதை என்ன, கோவிச்சுக்கவா போகுது?"

அம்மாள் சிரிக்கவில்லை. "வெயில் விழுந்தா அது கையை நீட்டும். என் வீட்டுக்காரர் கட்டிலைக் காட்டுச்சு. அன்னைக்கே போயிட்டார். இதைச் செய்யச் சொன்ன என் மகன், நான் வேண்டாம்னா கேக்க மாட்டான். மாட்டிட்டுப் போங்க."

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அவளுடைய தேவதை கைகூப்பித்தான் நிற்கும். இடிந்த தேவாலயம் ஒன்றில் கிடைத்த கண்ணாடியைப் பார்த்து வரைந்தது. அதன்பின் வேறு முகம் வரைய அவள் மெனக்கெடவே இல்லை. எத்தனையோ கட்டடங்களுக்கு அதே முகம் போயிருந்தது.

கண்ணாடி சட்டத்தில் உட்கார்ந்தது. படிகளில் நீலம் பரவியது. எங்கிருந்தோ ஈரமண் வாடை வந்தது.

படியில் விழுந்த உருவம் கைகூப்பியிருக்கவில்லை.

நீல விரல்கள் மெல்ல நீண்டு, ஏணியில் நின்றவனின் முதுகைத் தொட்டன.

"என்னங்க, கீழ இறங்குங்க." அவள் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா, ஒரே ஒரு ஆணி."

ஏணி அசையவில்லை. அவன்தான் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கிடைத்தது அதே வார்டு. ஜன்னலில் அவள் கையால் வெட்டிய முகம். அதன் நீலம் அவன் நெஞ்சின் மேல் கிடந்தது.

கட்டிலை இழுத்தாள். நீலமும் நகர்ந்தது.

சுவரோரம் தள்ளினாள். அங்கேயும் வந்தது.

"எங்க தள்ளினாலும் ஒண்ணுதான்," என்று முணுமுணுத்தாள் நர்ஸ். "நாங்களும் தள்ளிப் பார்த்துட்டோம்."

மனைவி ஸ்டூலைத் தூக்கி ஜன்னல்மேல் வீசினாள். அவள் செய்த முகம் பொலபொலவென்று உதிர்ந்தது. அவன் கண் திறந்து அவளைப் பார்த்தான்.

"குளிருது," என்றான்.

அவ்வளவுதான்.

ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள். மூடிய உடலருகே இருட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் தன் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் மெதுவாக. "நீலமா என்னமோ ஒட்டியிருக்கு. போக மாட்டேங்குது."