லோரீதோ அடித்த கோல்

விகோ துறைமுக நகரில் பனிமூட்டம் இறங்கினால் முதலில் தீவுகள் மறையும், அடுத்து துறைமுகத்துக் கிரேன்கள், கடைசியாகக் கையில் இருக்கும் காப்பிக் கோப்பை. அந்த ஞாயிறு பிற்பகல் ரொசெந்தோ மைதானத்துப் படியேறும்போது மூட்டம் கோப்பை வரைக்கும் வந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. நடுவருக்குத் தன் பூட்ஸ் தெரிந்ததாம். அதுவே போதும் என்றுவிட்டார்.

ரொசெந்தோ உள்ளூர் வானொலியின் கால்பந்து வர்ணனையாளர். கடற்சுவரை ஒட்டிய பழைய மைதானத்தின் கூரைமேல் ஒரு மரக்கூண்டு இருக்கும். அதற்குள் உட்கார்ந்து அவர் கத்துவார். அலைதடுப்புச் சுவரின் முனையில் வாணக்காரர் ஃபூகோ டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். ரொசெந்தோ ‘கோல்’ என்றதும் அங்கே வாணம் கிளம்பும். நம் அணி அடித்தால் இரண்டு வெடி, எதிரணி அடித்தால் ஒன்று. கடலில் இருக்கும் படகுகளுக்கு ஸ்கோர் போய்ச் சேர்வது அப்படித்தான். பனி நாளில் கரை எந்தப் பக்கம் என்பதையும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

கோல் விழாமல் ஃபூகோவிடமிருந்து ஒரு வாணம் வாங்க முடியாது. “கடல்கிட்டப் பொய் சொன்னா, அது வந்து விசாரிக்கும்யா” என்பார்.

போன குளிர்காலத்தில் இப்படி ஒரு மூட்டத்தில் ஒரு கோலும் விழாத ஆட்டம் நடந்தது. வெடி இல்லை. திசை தெரியாமல் ‘கார்மினா’ என்ற படகு பாறையில் ஏறி உடைந்தது. அதில் போனவர்களில் ஒருவன் லோரீதோ, நம் அணியில் பதினோராம் எண் சட்டையோடு ஆடியவன். யாருடைய உடலும் கரைக்கு வரவில்லை.

“என்னண்ணே, முகமே சரியில்ல?” என்றாள் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் சபேலா.

“கடலுக்குப் போன என் பையன் காலையிலேயே வந்திருக்கணும், இன்னும் வரல.”

“ப்ராயிஸா? எங்கயாச்சும் ஒதுங்கி எம்பனாடா தின்னுட்டு இருப்பான். நீங்க பேச்சைப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தைச் சொல்றது உங்களுக்குப் புதுசா?”

“தெரியுற ஆட்டத்தைச் சொல்லத்தான் எனக்கு வராது” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நாற்காலி ஈரமாக இருந்தது.

கூண்டுக்குள் டீசல் வாடையும், நாள்பட்ட கடற்பாசியின் வாடையும் கலந்து அடித்தன. கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்து ஹெட்போனை மாட்டினார். ரப்பர் இரண்டு காதிலும் சில்லென்று ஒட்டிக்கொண்டது. கீழே வெள்ளைப் பஞ்சுக்குள் யாரோ பந்தை உதைக்கும் சத்தம். விசில். இருமல். அவ்வளவுதான் ஆட்டம். அதை வைத்துக்கொண்டு இடைவேளை தாண்டும் வரை ஒப்பேற்றினார்.

பிறகு ஹெட்போனில் வானொலி நிலையத்தின் இரைச்சல் நின்றது.

அந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம் வந்தது. படகின் அடிப்பலகையில் சளப் சளப் என்று நீர் மோதும் சத்தம். அதற்கு நடுவே ஒருவன் மூச்சுவிட்டான். தண்ணீருக்கு அடியில் விட்ட மூச்சு.

“அண்ணே. இன்னும் கோல் விழலையா?”

ரொசெந்தோ சபேலாவைப் பார்த்தார். அவள் முன்னால் இருந்த கருவியின் முள் அசையவில்லை. அவள் பாட்டுக்கு நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வெடிச் சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்ணே. எவ்வளவு நாளாச்சு. சுத்திச் சுத்தி அதே பாறைக்கே வர்றோம்.”

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். எத்தனை முறை அதன் எதிரே மைக்கை நீட்டியிருக்கிறார்!

“இன்னிக்கு எங்க பின்னாடி இன்னொரு படகு வருதுண்ணே.”

ரொசெந்தோ ஹெட்போனைக் காதோடு அழுத்தினார்.

“எங்க விளக்கைப் பார்த்துக்கிட்டே வருது. முன்னால நிக்கிறது உங்க பையன் மாதிரி இருக்கு. கையாட்டுறான்.”

மைக்கை மூடிக்கொண்டு சபேலாவிடம் கிசுகிசுத்தார். “ஃபூகோகிட்ட ஓடு. வாணம் விடச் சொல்லு.”

“கோல் இல்லாம அந்தக் கிழம் விடுமா? மொதல்ல இந்த மூட்டத்துல அலைச்சுவர் முனைக்கு எப்படிப் போறது?”

“பாறை தெரியுதுண்ணே” என்றது காதில்.

“கோல்!” என்று அலறினார் ரொசெந்தோ. “கோல்! கோல்! நம்ம கோல்!”

சபேலா வாயைப் பிளந்தாள். கீழே டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள் கத்த, அதைக் கேட்டு மற்றவர்கள் கத்த, மைதானமே எதையும் பார்க்காமல் கூத்தாடியது. கோல் என்றால் அடித்தவன் பெயர் வேண்டும். நாக்கு தேடியது, கிடைத்ததைச் சொல்லிவிட்டது.

“லோரீதோ! அடிச்சது லோரீதோ!”

மைதானம் சட்டென்று அடங்கியது.

அலைச்சுவர்ப் பக்கம் வாணம் வெடித்தது. மறுபடியும் வெடித்தது.

காதில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. மூச்சும் இல்லை. யாரோ வெறுங்காலோடு நனைந்த புல்லில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தட். தட். தட்.

அப்புறம் கீழே நடுவரின் விசில், நீளமாக. எதிரணி வலைக்குள் பந்து கிடந்தது.

அந்தப் பக்கத்துக் கோல்கீப்பர் கம்பத்தை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தான். கையைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. “ஒருத்தன் வந்தான்” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். “சட்டை சொட்டச் சொட்ட வந்தான். கால்ல பூட்ஸ் இல்ல. பதினொன்னு.” அன்று நம் பதினோராம் எண்காரன் கணுக்கால் பிசகி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நடுவர் கோலைக் கொடுத்துவிட்டார். உதை சுத்தமாக இருந்தது என்பது அவர் கட்சி.

ஆட்டம் முடியும் முன்பே ரொசெந்தோ துறைமுகத்துக்கு ஓடினார். ப்ராயிஸ் படகிலிருந்து கயிறு வீசிக்கொண்டிருந்தான். அவர் அவனைக் கட்டிப்பிடித்து, விட மறந்துபோனார்.

“முன்னால ஒரு படகு விளக்கு போச்சுப்பா. அதைப் பிடிச்சுத்தான் வந்தோம். நேரா பாறைக்குத்தான் போயிட்டு இருந்திருக்கு. ரெண்டு வெடி கேட்டதும் கரைப்பக்கம் திரும்புச்சு, நாங்களும் திரும்பினோம். எங்களுக்கு முன்னாடியே உள்ள நுழைஞ்சாங்களே, எங்க அவங்க?”

படகுத்துறையில் வேறு படகு இல்லை. பக்கத்துக் கம்பத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. பாசி படிந்த பழைய கயிறு; மறுமுனை தண்ணீருக்குள் இறங்கியது. ஏதோ அசைவதுபோல் அது இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது.

ஃபூகோ டிரான்சிஸ்டரை இடுக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். கயிற்றைப் பார்த்தார். அதை அவிழ்க்கப் போன ரொசெந்தோவின் கையைத் தட்டிவிட்டார்.

“யாரு பேரைய்யா சொன்னே நீ?”



அடுத்த ஞாயிறு நல்ல வெயில். தீவுகள் துடைத்து வைத்ததுபோல் தெரிந்தன. கூண்டுக்குள் நாற்காலி காய்ந்திருந்தது. சபேலா கேலி பேச ஆரம்பித்திருந்தாள். ரொசெந்தோவும் தைரியமாக ஹெட்போனை எடுத்து மாட்டினார்.

ரப்பரிலிருந்து உப்புத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

“அண்ணே” என்றது காதோடு காதாக. “இன்னொன்னு அடிக்கட்டா?”