இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

அவள் சுவரைப் பார்த்துத்தான் படுத்தாள். அதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை கடை அரை நாள்தான். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்கட்டுமென்று இடப்பக்கமாக ஒருக்களித்து, காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தபடியே கண் அயர்ந்தாள். விழித்தபோது ஜன்னலைப் பார்த்துக் கிடந்தாள்.

தூக்கத்தில் புரளாத ஆள் யார்? அதுவல்ல விஷயம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை இருந்தது. முதுகுக்குப் பின்னால் இன்னொன்று, சரியாமல் இருக்க ஓரத்தை மடித்துச் செருகி. கணுக்காலுக்கு அடியில் ஒரு துண்டு, குதிகால் மெத்தையில் படாதபடி சுருட்டி. அந்தத் தலையணைகளை அம்மா இறந்த மறுநாளே மூட்டையாகக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியிருந்தாள். ஸ்டூல் போட்டால்தான் அவளுக்கே எட்டும். நிமிர்ந்து பார்த்தாள். மூட்டையின் முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. ஸ்டூல் சமையலறையில்தான் இருந்தது.

வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அம்மா போய் மூன்று வாரம் ஆகிறது.

இப்படித் தலையணை வைக்கக் கற்றுக்கொடுத்தது குடை நர்ஸ். மழையோ வெயிலோ கையில் குடை இல்லாமல் வராததால் அம்மா வைத்த பெயர். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

"ஒரே பக்கமா கிடந்தா தோல் வெந்துடும்க்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பணும். இடது, மல்லாக்க, வலது. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. இழுக்கக் கூடாது, உருட்டணும். திருப்பினதும் நோட்டுல ஒரு டிக்."

"கேட்டியாடி," என்றாள் அம்மா படுக்கையிலிருந்து. "என்னை வெயில்ல காயப்போட்ட துணி மாதிரி திருப்பித் திருப்பிப் போடணுமாம்."

நாலு வருட நோயில் ஒவ்வொன்றாகப் போய், கடைசி ஒன்றரை வருடம் கையும் காலும் அசையவில்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கடைசி எட்டு மாதம் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலிலேயே கிடந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெறணும் என்று. அதைக் கேட்கிறபோதெல்லாம் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் திருப்பினாள். பிறகு ஒன்று விட்டது. பிறகு இரண்டு. பிறகு காலையில் காபி குடிக்கும்போதே அன்றைக்கு உண்டான பன்னிரண்டு டிக்கையும் போட்டு வைத்துவிடும் பழக்கம் வந்தது. சந்தேகம் வராமல் இருக்க இரண்டு பேனா வைத்திருந்தாள். சிலதைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டாள், தூக்கக் கலக்கத்தில் போட்டது மாதிரி. அந்தச் சாய்ப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசும்.

அம்மாவின் இடுப்பில் முதலில் ஒரு சிவப்பு. பிறகு பொத்தான் அளவு புண். பிறகு உள்ளங்கை அளவு.

"இவ்வளவு ஒழுங்கா திருப்பியும் வந்திருக்கே," என்றாள் குடை நர்ஸ், நோட்டையும் புண்ணையும் மாறி மாறிப் பார்த்து. "அம்மா, நிஜமா சொல்லுங்க. திருப்பறாங்களா?"

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அம்மா அவளைப் பார்க்கவேயில்லை.

"திருப்பாம? பாவம், அவ தூங்கறதே இல்ல. என் தோல்தான் இளிச்சவாய்த் தோல்."

அதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்டது. "கண்ணு, கொஞ்சம் திருப்பி விடறியா?" அவள் விழித்துத்தான் இருந்தாள். மூச்சைச் சீராக்கிக்கொண்டாள். "கண்ணு… எரியுதுடி." இமையை இறுக்காமல், லேசாக, தூங்குகிறவர்களின் இமை மாதிரி வைத்துக்கொள்ளக்கூடத் தெரிந்திருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு அம்மா சொன்னாள், "சரி, தூங்கு."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை கடையில், சாப்பாட்டுக்கு அப்புறம், தேய்க்கும் மேஜையின் மேல் ஐந்து நிமிடம் தலை சாய்த்தாள். மெஷின் நின்றிருந்தது, குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், கண்ணாடித் தூளின் ஈர வாசனை, வாசலில் யாரோ விலை கேட்கும் குரல், எல்லாம் மெல்ல மெல்லத் தூரம் போயின. விழித்தபோது முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. காதுக்கு அடியில் கண்ணாடி துடைக்கும் துணி, நாலாக மடித்து.

"தூங்கறதுலயும் இப்படி வசதி பாக்கற ஆளை நான் கண்டதில்லம்மா," என்றார் எதிர் மேஜையில் பிரேம் பூட்டும் அண்ணன்.

"நீங்களா அண்ணா வெச்சீங்க?"

"நானா? உனக்குத் தலைகாணி வைக்கவா முதலாளி எனக்குச் சம்பளம் குடுக்கறார்?" சிரித்தவர் மூக்கைச் சுருக்கினார். "அது என்ன மருந்து நாத்தம்? புண்ணு கிண்ணு ஏதாவதா?"

சட்டையின் தோளை முகர்ந்தாள். அம்மாவுக்குப் போட்ட களிம்பு. அதற்கு அடியில், களிம்பு மறைக்கப் பார்த்து மறைக்க முடியாத அந்த இன்னொரு வாசனை.

"ஒண்ணுமில்லண்ணா," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கவில்லை. தூங்குவதுபோல் படுத்திருந்தாள், அதுதான் அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே. சுவரைப் பார்த்து, மூச்சைச் சீராக்கி. தெருவில் ஒரு சைக்கிள் மணி போயிற்று. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மணி நாலு அடிக்கிற நேரம், பக்கத்துக் கட்டில், அவளே மெத்தையைக் கழற்றிவிட்டு வெறும் பலகையாக வைத்திருந்த கட்டில், முனகியது. ஒரு பாதம் தரையில் இறங்கிற்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று. நடை இல்லை, இழுபடல். ஒரு இழுப்பு, ஒரு நிற்றல், ஒரு மூச்சிரைப்பு. நாலடி தூரத்துக்கு அத்தனை நேரம்.

ஒரு கை தோளில். ஒரு கை இடுப்பில்.

இழுக்கவில்லை. உருட்டியது.

குளிர்ந்த கை இல்லை, பயமுறுத்தும் கை இல்லை. அம்மாவின் கை. கட்டைவிரலில் அந்தப் பழைய வெட்டுத் தழும்புகூடச் சட்டை வழியாகத் தெரிந்தது. அந்தக் கையில் பலம்தான் இல்லை. அவளைத் திருப்ப அது நடுங்கியது. பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி முயன்றது. காதுக்கு மேலே வலியைப் பல்லில் கடிக்கும் சத்தம். ஈரமாக ஏதோ அவள் முதுகில் உரசிற்று.

"அம்மா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "வேண்டாம்மா."

கைகள் நின்றன. பிறகு முழங்காலுக்கு நடுவே தலையணையைச் செருகின.

எழுந்து பார்த்தபோது அறையில் யாரும் இல்லை. விரிப்பில், அவள் முதுகு இருந்த இடத்துக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் ஈரம். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். செத்தும் அம்மாவுக்கு ஓய்வில்லை. அந்த இடுப்போடு, அந்தப் புண்ணோடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வருகிறாள். நான் எழுந்திருக்காமல் விட்ட நேரத்துக்கெல்லாம் எழுந்து வருகிறாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள். நான் நல்ல மகள் இல்லை என்று ஒரு ஆளிடமாவது வாய்விட்டுச் சொன்னால், அம்மா போய்ப் படுத்துக்கொள்வாள்.

சொல்லக் கூடிய ஆளும் தானாகவே வந்தாள். மறுநாள் சாயங்காலம், மணி ஆறாகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வாசலில் குடை மடங்கும் சத்தம்.

"அக்கா, அந்த நோட்டு இன்னும் இருக்கா? புதுசா பன்னிரண்டு பொண்ணுங்க வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. நோயாளியை எப்படிப் பாக்கணும்னு கேட்டா, அவங்க முன்னால உங்க நோட்டைத்தான் விரிச்சு வைக்கப் போறேன். ஒரு நாள்கூட விடலையே நீங்க!"

அவள் நோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"என்னக்கா, முகமே சரியில்லையே?"

"இந்த நோட்டு…" அட்டையைத் தடவினாள். "இதுல இருக்கிற டிக்கெல்லாம்…"

உள்ளறையில் பலகை முனகியது.

நர்ஸுக்குக் கேட்கவில்லை. குடையின் நீரைத் தரையில் சொட்டவிடாமல் அதை மிதியடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு இழுப்பு. ஒரு நிற்றல்.

"டிக்கெல்லாம்?" என்றாள் நர்ஸ்.

சொல்லிவிடு. சீக்கிரம் சொல்லிவிடு.

"அம்மாவை நான்…"

மூச்சிரைப்பு. கதவு நிலைக்கு அருகே. நாற்காலிக்குப் பின்னால். களிம்பு வாசனை.

"நான் அவங்களைத் திரு…"

ஒரு கை தோளில். ஒரு கை இடுப்பில். இழுக்கவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே, மெதுவாக, பொறுமையாக, நர்ஸின் முகத்திலிருந்து அவளைத் திருப்பியது. ஜன்னல் போயிற்று. அலமாரி போயிற்று. சுவர் வந்தது. வெறும் சுவர்.

தோளிலிருந்த கை எழுந்தது. வந்து அவள் வாயைப் பொத்தியது.

நோட்டு மடியிலிருந்து நழுவி விழுந்தது.

"அய்யோ, அக்கா," என்றாள் நர்ஸ் பின்னாலிருந்து. "அழறீங்களா? திரும்பிக்கிட்டு எதுக்கு அழணும், நான் வேத்து ஆளா? அம்மாவே சொன்னாங்களே, அவ தூங்கறதே இல்லன்னு. நீங்க செஞ்சதுக்கு ஒரு குறையும் இல்லக்கா. அழுதுடுங்க. நல்லா அழுதுடுங்க."

அவள் தலையை ஆட்டப் பார்த்தாள். முடியவில்லை. கத்தினாள். உள்ளங்கைக்குள் அது ஒரு விசும்பலாகத்தான் போயிற்று.

"நோட்டை நான் எடுத்துக்கறேன். நாளைக்கு வரேன்."

காகிதம் சரசரத்தது. குடை விரிந்தது. கதவு சாத்திக்கொண்டது.

கை எடுபடவில்லை.

முதுகோடு ஒட்டி, ஒன்றரை வருடமாக நிற்காத கால்கள் நடுநடுங்க, அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஈரம் சட்டை வழியாக ஊறி இறங்கியது. அந்தக் கைக்கு அடியில் அவள் மறுபடி உதட்டை அசைத்தாள். திருப்பலம்மா. நான் திருப்பல. விரல்கள் இன்னும் கொஞ்சம் அழுத்தின, வலிக்காமல்.

இன்னொரு கை, குழந்தையைத் தூங்க வைக்கிறாற்போல, அவள் இடுப்பில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.