மெத்தையில் இரண்டு லிட்டர்

காலை 7.10. கோலா கங்சார் பக்கம், மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய வீடு. மெத்தை முழுவதும் காய்ந்த ரத்தம். படுத்திருந்த அலெக்சாண்டரைக் காணவில்லை. கட்டிலடியில், ரத்தம் தோய்ந்த, ரப்பர் மரம் சீவும் கத்தி.

"ரெண்டு லிட்டர் இருக்கும்லா, புவான். உடம்பைத்தான் தேடணும்," என்றார் சார்ஜன் தர்மா, இன்ஸ்பெக்டர் மெஹர்பானுவிடம்.

"அது கொழுந்தன் கோலினோட கத்தி! அவன்தான் கொன்னுட்டான்!" அலெக்சாண்டரின் மனைவி கிறிஸ்டின் கதறினாள். தாப்பா கிளினிக்கில் அவள் நர்ஸ்; சீருடைகூட மாற்றவில்லை.

காலை 11.00. ஈப்போ லாக்கப்பில் கோலின் உட்கார்ந்திருந்தான்.

"கத்தி உன்னோடதா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெஹர்பானு.

"ஆமாக்கா. ஒரு வாரமாக் காணோம்."

"அண்ணனோட சண்டையா?"

"இருபது வருசமாப் பேச்சே இல்ல. அப்ப தோட்டத்துல நான் பால் நிறுக்கிற வேலை. அவரு ரப்பர் பாலுல தண்ணி ஊத்திக் கொண்டாந்தாரு. கொஞ்சம் எடுத்துக் காயவெச்சு நிறுத்தேன். தண்ணி போயி, ரப்பர் மட்டும் நின்னுச்சு. மாட்டிக்கிட்டாரு, வேலை போச்சு."

மெஹர்பானுவின் பேனா நின்றது.

"நாளைக்குக் கொலைக் கேஸ் போட்டுருவீங்களாக்கா?"

"நாளைக்குத்தானே. இன்னும் பொழுதிருக்கு."

பிற்பகல் 3.30. ஆய்வுக்கூடத்தில் மெத்தையிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வெட்டி, காயவைத்து நிறுத்தார்கள்: ஒன்று கறையோடு, ஒன்று கறையில்லாமல். எடை வித்தியாசம்தான் காய்ந்த ரத்தம். கறை முழுவதற்கும் கணக்கிட்டால் எண்பது கிராம். ரத்தம் அலெக்சாண்டருடையதுதான்.

"ரத்தம் காய்ஞ்சா அஞ்சுல ஒரு பங்குதான் மிஞ்சும், தர்மா. அப்ப எவ்ளோ?"

"நானூறு மில்லி... அட, ரத்த தானத்துக்கு ஒரு பை எடுப்பாங்களே, அவ்ளோதானா! அப்புறம் எப்படி மெத்தை பூரா?"

"மிச்சம் தண்ணி. இவ்ளோ போனதுக்கு யாரும் சாக மாட்டாங்க. ஊசி குத்தி ஒரு பை எடுக்கத் தெரிஞ்சவங்க அந்த வீட்டுல யாரு?"

தர்மா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மாலை 5.45. தாப்பா கிளினிக்கின் மாடியறை. அலெக்சாண்டர் கட்டிலில் சாய்ந்து தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவைத் திறந்த போலீஸைக் கண்டதும் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

இரவு 8.20. லாக்கப்பின் கதவு திறந்தது. கோலின் வெளியே வந்தான். விலங்கோடு எதிரே அண்ணன், பின்னால் அண்ணி.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அலெக்சாண்டர் முணுமுணுத்தார்.

"காயவெச்சு நிறுத்தேன்," என்றார் மெஹர்பானு. "உங்க தம்பி சொல்லிக் குடுத்த வேலைதான்."

கோலின் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். இருபது வருடத்துக்குப் பிறகு அவரிடம் முதல்முறையாகப் பேசினான்.

"மறுபடியும் தண்ணி கலந்துட்டியாண்ணே?"