கல் குளித்த தண்ணீர்

"ஓடிப்போனவனைத் தேடி மணலுக்குள்ள போறீங்களா? போங்க, போங்க! வரும்போது ஒட்டகப் பால் இருந்தா வாங்கிட்டு வாங்க!"

கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சலேத்மேரிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. இதே ஆள் முன்னால்தான் போன வருஷம் நின்று, "எந்தம்பிக்கு நான் பொறுப்பு சார்" என்று கெஞ்சி, பனிதாசனுக்கு டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. வளைகுடாவில், மணற்காடு தொடங்குகிற ஓரத்தில் ஒரு சின்ன ஊர். சலேத்மேரிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் புருஷன் மிக்கேல் அதே ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல். தம்பி பனிதாசன் கம்பெனியின் வெள்ளை ஜீப்பில் பாலைவன முகாமுக்குச் சாமான் கொண்டுபோனவன், ஒரு வாரமாகத் திரும்பவில்லை. போலீஸ் தேடிப் பார்த்துக் கைவிட்டது. ஜீப்பை விற்றுவிட்டு எல்லை தாண்டிவிட்டான் என்று ஊரே பேசியது. ஊருக்கென்ன, பேசும்!

"எந்தம்பி ஓடமாட்டான்" என்றாள் சலேத்மேரி. "எங்கயோ மாட்டிக்கிட்டு, தண்ணியில்லாம நாக்கு வறண்டு கெடக்கான். நீங்க யாரும் வராட்டா நான் நடந்தே போவேன்."

நடக்க விடுவாரா செய்யது மீரான்? காயல்பட்டினத்துக்காரர். ஏ.சி. மெக்கானிக். பக்கத்து வீடு. காயல் பேச்சில் அண்ணன் என்றால் காக்கா. சலேத்மேரிக்கும் அவர் மீரான் காக்கா. அவரிடம் ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பழைய நான்கு சக்கர வண்டி ஒன்று இருந்தது. மூணு மரப் பள்ளத்தில் ஒரு வெள்ளை வண்டி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்ததாக ஒட்டகக்காரர் ஒருவர் சந்தையில் சொன்னதும், மூவரும் அதில் கிளம்பினார்கள். கிளம்பி என்ன? இரண்டாவது மணல்மேடு ஏறுவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்குது" என்றார் மீரான். "இன்னும் ஒரு மேடு ஏறினா பெட்டி வெந்து போவும். நாமளும் உள்ள கெடந்து வேவ வேண்டியதுதான். திரும்புவோம் தங்கச்சி."

திரும்பினார்கள். சலேத்மேரி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் மீரான் பழைய சாமான் கடைக்கு ஓடி ஒரு கூலர் வாங்கி வந்தார். பார்க்க ஏ.சி.க்குப் பின்னால் இருக்கும் வலைத்தகடு மாதிரியே இருந்தது, அளவில் சின்னது. கொதிக்கிற எண்ணெயை அதற்குள் ஓடவிட்டுக் காற்றில் ஆற்றி, மறுபடி கியர்பாக்ஸுக்கே அனுப்பும். பெட்ரோல் ஊற்றி அலசி, குழாய்க்குள் ஊதி, அடைப்பில்லை என்று பார்த்துக்கொண்டார்.

தகரக் கொட்டகைக்குக் கீழே வேலை தொடங்கியது! மீரான் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்ஸ்! இது சூடா போறது. அது ஆறித் திரும்புறது. திரும்புற குழாயிலதான் நம்ம கூலர சேக்கணும். இன்ஜினை நிறுத்து மாப்ள, சட்டியை வையி!"

குழாயைக் கழற்றியதும் எண்ணெய் கொட்டியது. பாதி மிக்கேலின் அலுமினியச் சட்டியில், மீதி மிக்கேலின் முகத்தில்.

"நேத்து இந்தச் சட்டியிலதான் மீன் கொழம்பு வச்சேன்" என்று அவன் புலம்பினான்.

"ஏங்க, மீனா முக்கியம்? டார்ச்சை நேரா பிடியுங்க!"

முன்கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கூலரை நிறுத்தி, இரும்புப் பட்டை வளைத்து நட்டுப் போட்டு முடுக்கினார்கள். அதிராமல் இருக்க இடையில் ரப்பர் வைத்தாள் சலேத்மேரி. சைலன்சரிலும் ஃபேனிலும் படாமல் புதுக் குழாய்களை ஒதுக்கிக் கட்டியவளும் அவள்தான். கிளிப்பை முறுக்கி முறுக்கி அவள் உள்ளங்கை கன்றிப்போனது. வலிக்கவா செய்தது? ஒவ்வொரு முறுக்குக்கும் 'இதோ வந்துட்டேன் மக்கா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மீரான் தொழுகைக்குக் கிளம்பினார். "மாப்ள, கொட்டின எண்ணெய ஊத்தி, அளவுக் குச்சிய எடுத்துப் பாரு. கேட்டியா, இன்ஜின் ஓடும்போது பாக்கணும்!"

"எல்லாம் தெரியும் காக்கா, போயிட்டு வாங்க."

கிளம்பும்போது சலேத்மேரி ஒரு தண்ணீர்க் கேனைத் துணியால் சுற்றித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். "இது அவனுக்கு. வேற யாரும் தொடப்படாது."

வண்டி மணலில் பாய்ந்தது. முதல் மேடு! இரண்டாவது மேடு! சிவப்பு விளக்கு எரியவில்லை. "மாஷா அல்லாஹ்!" என்று மீரான் ஸ்டியரிங்கைத் தட்டினார். சலேத்மேரி ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். பெரிய மேட்டின் பாதியில் இன்ஜின் உறுமியது, ஆனால் வண்டி நகரவில்லை. அப்படியே பின்னால் சரிந்து மணலில் புதைந்தது.

மீரான் இறங்கி, இன்ஜினை ஓடவிட்டே அளவுக் குச்சியை உருவினார். நுனியில் மட்டும் ஈரம்.

"எண்ணெய் பாத்தியா நீ?"

"பாத்தேன் காக்கா. குச்சியில நெறையவே காட்டிச்சி."

"இன்ஜின் ஓடிச்சா?"

மிக்கேல் தலையைச் சொறிந்தான். "நிறுத்திட்டுத்தான் பாத்தேன். அந்தச் சத்தத்துல எனக்குத் தலைவலி வந்திரும்."

"அட கூறுகெட்டவனே! நின்னுட்டா எண்ணெய் பூரா கீழ எறங்கி நெறைய இருக்கற மாதிரிதான் காட்டும். புதுக் கூலரும் குழாயும் குடிச்ச எண்ணெய யாரு ஊத்துவா, ஒன் மாமனாரா?"

நல்லவேளை, ஒரு டின் எண்ணெய் பின்னால் இருந்தது. புனல்தான் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலைப் பங்கிட்டுக் குடித்து, அதன் கழுத்தை அறுத்துப் புனலாக்கினார்கள். எண்ணெய் ஊற்றி, சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே மணல் தள்ளி, பாய் விரித்து வண்டியை மீட்பதற்குள் பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. கொண்டுவந்த தண்ணீரும் தீர்ந்தது. மிக்கேலின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அவன் கை தானாகவே அந்தக் கேன் பக்கம் போனது.

"தொட்டீங்கன்னா இங்கயே எறங்கிருவேன்" என்றாள் சலேத்மேரி. அவள் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மிக்கேல் கையை எடுத்துக்கொண்டான்.

கடைசி மேட்டின் உச்சியில் ஏறி நின்றபோது கீழே மூன்று மரங்கள். நிழலில் வெள்ளை ஜீப்! பக்கத்தில் ஒரு மனுஷன் எழுந்து நின்று கையை ஆட்டினான்.

"பனி! எம்மக்கா! உசுரோட இருக்கான்!"

வண்டி நிற்பதற்கு முன்பே அவள் குதித்தாள். பனிதாசன் ஓடிவந்தான். அவள் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைத் தாண்டி ஓடி, வண்டியின் முன்னால் குனிந்து கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தான்.

"கூலர் மாட்டிருக்கியளா! ஐயோ மீரான் காக்கா, கும்பிடப்போன சாமி குறுக்க வந்த மாதிரி வந்தீங்க! என் ஜீப்பு கியர்பாக்ஸ் புகைஞ்சு போச்சி. ரெண்டு நாளைக்கு இந்த வண்டியக் குடுங்க போதும்."

விரித்த கையை என்ன செய்வதென்று சலேத்மேரிக்குத் தெரியவில்லை. பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். மரத்தடியில் கூடாரம். ஒரு டிரம் நிறையத் தண்ணீர். ரொட்டி, பேரீச்சம்பழம்.

"தண்ணி யாரு தந்தா?"

"ஆட்டுக்காரரு ஒருத்தரு கொண்டு தாரார். ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னுகூடச் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். இப்ப போனா அம்புட்டும் போச்சில்லா? அக்கா, இஞ்ச பாரு!"

கூடாரத்திலிருந்து ஒரு கறுப்புக் கல்லைத் தூக்கி வந்தான். தேங்காய் அளவு இருந்தது. வானத்திலிருந்து விழுந்த கல்லாம், பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்களாம்.

"இன்னும் ரெண்டு மேடு தாண்டினா நெறைய கெடக்குதாம். மண்ணு ஒட்டியிருக்கதுனால ஒனக்குத் தெரியல. இரு, காட்டுறேன்."

சட்டென்று அவள் கையிலிருந்த கேனை வாங்கி, மூடியைத் திருகி, அந்தத் தண்ணீர் முழுவதையும் கல்லின் மேல் கவிழ்த்தான். கல் பளபளத்தது.

மிக்கேல் வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு அந்த ஈர மணலையே பார்த்தான். சலேத்மேரி தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"ஏறுடா வண்டியில."

"அக்கா, அந்தக் கல்லு..."

"அது இஞ்சயே கெடக்கட்டும். நீ ஏறு."

வழியெல்லாம் அவன் கெஞ்சினான். "கல்லுக்காவத்தான் தங்கிட்டேன்னு சொல்லிராத அக்கா, உள்ள தூக்கிப் போட்டுருவானுவ." அவள் காலிக் கேனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். கூலர் தன் வேலையைச் செய்தது. விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

ஊரில் என்ன வரவேற்பு! என்ன ஆரவாரம்! சிரித்த சூப்பர்வைசரே ஓடிவந்து பனிதாசனைக் கட்டிக்கொண்டான். அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனி ஹாலில் பிரியாணி. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கதை கேட்க, பனிதாசன் சொல்லச் சொல்ல அது ஏறிக்கொண்டே போனது.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சார்! நாக்கு அண்ணாக்குல ஒட்டிக்கிட்டு. விடியக்காலம் இலையில விழுற பனிய நக்கிக் குடிச்சேன். எங்கக்காவ நெனச்சித்தான் உசுரப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்!"

சலேத்மேரி எழுந்து போய், அந்தக் காலிக் கேனைக் கொண்டுவந்து அவன் இலைக்கு முன்னால் வைத்தாள்.

"கல்லு குளிச்சது போவ மிச்சம் இருந்தா, குடி மக்கா."

ஹாலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பனிதாசனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அவள் வெளியே வந்தாள். மிக்கேலும் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றான். மீரான் ஸ்பேனரோடு வண்டியின் முன்னால் குந்தியிருந்தார்.

"இனி மணலுக்குப் போற சோலி இல்லையே தங்கச்சி. இந்தக் கூலரக் கழட்டிப் போட்டுரவா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் காக்கா, கெடக்கட்டும். நெசமாவே எவனாவது மாட்டிக்கிட்டு கெடந்தா, போவணும்லா?"