இறக்கையைத் தடவும் கை

வெளியே யாரோ விமானத்தின் இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன ஓடுதளத்தில் அன்றைக்கு இருந்ததே மூன்று பேர்தான். மூவரும் கொட்டகையை ஒட்டிய அறையில், காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஹெல்வியின் காதில்தான் அது முதலில் விழுந்தது. வெறும் உள்ளங்கை குளிர்ந்த தகட்டின்மேல் மெல்ல நகரும் சத்தம். வருஷக்கணக்கில் விமானம் ஓட்டுகிறவளுக்கு அது தெரியாதா என்ன? பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தின் குளிர்காலத்தில், புறப்படும் முன் கையுறையைக் கழற்றி இறக்கை முழுவதையும் தடவிப் பார்க்காமல் எந்த விமானியும் ஏறுவதில்லை. கண்ணாடிப் பனி கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அது ஒட்டியிருந்தால் இறக்கை தூக்காது, ஆளைக் கொன்றுவிடும்.

"தடவிப் பாக்கக்கூட சோம்பேறித்தனம்," என்றார் ரைனே, ரொட்டியைக் காபியில் நனைத்தபடி. அந்தக் குட்டி நிறுவனத்தின் முதலாளி அவர். ஒரு காலத்தில் அவரும் விமானிதான். "விசாரணைக்கு வந்தவங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன். தானும் செத்து, பயணிங்க ரெண்டு பேரையும் சேத்துக் கொண்டுபோயிட்டான், பாவி."

போன வாரம் செத்த என்ஸியோவைத்தான் சொல்கிறார். நிறுவனத்தின் இரண்டு ஜெட்டுகளில் ஒன்று தரையை விட்டு எழும்பியதுமே இடது பக்கம் கவிழ்ந்து, ஓடுதளத்தின் கடைசியில் இருந்த பிர்ச் மரங்களுக்குள் விழுந்து எரிந்துபோனது.

"என்ஸியோ தொட்டுப் பாக்காம வண்டியில ஏறமாட்டான்," என்றாள் ஹெல்வி. "செத்தவன் வந்து பதில் சொல்லப்போறதில்லங்கிற தைரியத்துல வாய்க்கு வந்தபடி பேசாதீங்க."

"அடேங்கப்பா! பக்கத்துல நின்னு பாத்த மாதிரியில்ல பேசுறா! இல்போ, நீதானேப்பா அன்னைக்கு அங்க நின்ன? நீயே சொல்லு."

மெக்கானிக் இல்போ காபிக் கோப்பையை விட்டு நிமிரவில்லை. "எனக்குத் தெரியலங்க," என்றான்.

மறுபடி அந்தச் சத்தம். இறக்கை விமானத்தோடு சேரும் இடத்தில் தொடங்கி, அவசரமே இல்லாமல், ஒரு இடத்தையும் விடாமல் நுனி வரைக்கும் போய் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி முதலிலிருந்து. இல்போ கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"காத்து," என்றார் ரைனே.

காற்றாவது மண்ணாவது! மதியம்தான், ஆனாலும் அந்த வடகோடிக் குளிர்காலத்தில் வெளியே இருட்டிவிட்டிருந்தது. விளக்குக் கம்பத்தடியில் பனி செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது. அங்கே நின்றிருந்த இன்னொரு ஜெட்டை இன்னும் சற்று நேரத்தில் ஹெல்வி தனியாக ஓட்டிக்கொண்டு போகவேண்டும். ஔலு நகரத்தில் ஒரு பெரிய மனிதர் காத்திருக்கிறார்.

"வண்டியை யாரு அதுக்குள்ள வெளிய இழுத்தது?" என்று கேட்டாள்.

"நான்தான் இழுக்கச் சொன்னேன். ஏன்?"

"சூடான கொட்டகையில நின்ன வண்டி. இறக்கைமேல விழுற பனி உருகி, உடனே உறையும். பனி கரைக்கிற மருந்து தெளிச்சாத்தான் நான் எடுப்பேன்."

"மருந்து என்ன ஆத்துத் தண்ணியா, அள்ளி அள்ளித் தெளிக்க? மாவு மாதிரி பனி. ஓட ஆரம்பிச்சா தானா பறந்துடும். கிளம்பு, கிளம்பு."

ஹெல்வி கோப்பையை ஓங்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள். கொட்டகைக் கதவருகே இல்போ ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"தொட்டான், ஹெல்வி. என்ஸியோ தொட்டுப் பாத்தான். பனி இருக்கு, மருந்து வேணும்னு கேட்டான். பறக்கப் பயமா இருந்தா வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போடான்னு முதலாளிதான் கத்தினாரு. நான் பக்கத்துலயே நின்னேன்."

"இதை ஏன்டா சொல்லல?"

"எனக்கும் வேலை போயிடுமேன்னு..."

அவனை அடிக்கவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கையை உதறிக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தாள். காலடியில் பனி நறநறவென்று நொறுங்கியது. மூச்சு மூக்கு நுனியில் உறைந்து குத்தியது. எங்கிருந்தோ எரிந்த எண்ணெயின் நாற்றம் வந்தது. ஜெட்டைச் சுற்றிலும் புதுப்பனி வழவழவென்று கிடந்தது. அதில் ஒரு காலடித் தடமும் இல்லை.

ஆனால் சத்தம் இருந்தது.

அவள் மார்பு உயரத்தில் இடது இறக்கை. அதன்மேல் படிந்திருந்த பனித்தூளில் ஒரு கோடு நீண்டுகொண்டே போனது. உள்ளங்கை அகலக் கோடு. நுனியை நோக்கி. மெதுவாக.

ஓடிவிடலாம் என்று ஹெல்வியின் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. ஓடினால்? உள்ளே போய் அந்த ஆளிடம் என்ன சொல்வது, காற்று என்றா? மாட்டேன். அவள் கையுறையைக் கழற்றிப் பனியில் வீசினாள். வெறுங்கையை இறக்கையில் வைத்தாள்.

வழவழப்பு. கெட்டியான, ஈரமில்லாத வழவழப்பு. கண்ணாடிப் பனிதான்.

பக்கத்தில் சத்தம் நின்றது. யாரோ காத்திருக்கிறார்கள். மிக அருகில்.

"தெரியுது, என்ஸியோ," என்றாள். "பனி இருக்கு. நீ தொட்ட. நீ சொன்ன." பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள். "ரைனே! இந்த வண்டி இன்னைக்குப் பறக்காது! அன்னைக்கு நடந்ததையும் சொல்லத்தான் போறேன்! உங்களால ஆனதைப் பாத்துக்குங்க!"

ரைனே தடதடவென்று வந்தார். "எங்கடி பனி? எங்க? பயந்தாங்கொள்ளிக் கூட்டம்!" வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, இறக்கை விமானத்தோடு சேரும் இடத்தில் பளாரென்று கையை வைத்தார். "எங்க இரு..."

நிறுத்தினார்.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகத் தட்டையாகின. மேலிருந்து யாரோ அமுக்குகிறார்கள். ஆனால் மேலே ஒருவரும் இல்லை. பிறகு கை நகர ஆரம்பித்தது. அவசரமில்லாமல். ஒரு இடத்தையும் விடாமல்.

"இல்போ! பிடிடா!"

இல்போ அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தான். ஹெல்வியும் தோளைப் பிடித்து இழுத்தாள். கை நின்றபாடில்லை. அது போன இடமெல்லாம் பனியில் முதலில் இளஞ்சிவப்பு. பிறகு சிவப்பு.

"இருக்கு!" என்று அலறினார் ரைனே. "பனி இருக்கு! அவன் சொன்னான், நான்தான் போகச் சொன்னேன்! விடச் சொல்லு, ஹெல்வி, விடச் சொல்லு!"

அவள் சொல்லிப் பார்த்தாள். "போதும், என்ஸியோ. போதும்ப்பா."

நுனி வந்தது. கை பெயர்ந்து வந்தது. உள்ளங்கைத் தோல் வரவில்லை.

இல்போ பிடி நழுவிப் பனியில் விழுந்தான். ரைனேயின் குதிகால்கள் இரண்டும் பனியில் கோடு இழுத்துக்கொண்டே விமானத்தின் மூக்கைச் சுற்றிப் போயின. வலது இறக்கை விமானத்தோடு சேரும் இடத்தில் அவரை நிறுத்தியாயிற்று. அவருடைய இடது கை மேலே எழுந்தது. அதிலிருந்த கையுறை, விரல் விரலாக, கழன்றுகொண்டிருந்தது.